விண்டோஸ் 10 முடிந்தது என்றால் என்ன முடிந்தது?

மார்த்தாண்டத்தில் இருக்கிற என் சித்தி ஓய்வுபெற்ற ஆசிரியை. 2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு வந்துவிட்டார். துணிப்பைக்குள் லேப்டாப், சார்ஜர், ஒரு சீப்பு மட்டிப்பழம்.

"மக்கா, விண்டோஸ் பத்து முடிஞ்சு போச்சுன்னு நியூஸ்ல சொன்னானுவ. கடையில கேட்டேன். இனி இது உதவாது, புதுசு எடுக்கணும்னு சொல்லுதான். எனக்க பென்ஷன் காரியமெல்லாம் இதிலதானே கெடக்கு" என்றார்.

நான் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். சனி, ஞாயிறு ஊரில்தான். அதையொட்டிய இரண்டு மாதங்களில் மட்டும் இதே கேள்வியோடு சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் பல பேர் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பயம்: தேதி முடிந்துவிட்டது, பெட்டி செத்துவிட்டது. பால் பாக்கெட்டில் போட்ட தேதியைப் போல இதையும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் நடந்தது வேறு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால், புது லேப்டாப்புக்குக் கடன் வாங்கப்போகிற சிலராவது நின்று யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. மைக்ரோசாஃப்ட் அதற்கு இலவச ஆதரவை நிறுத்திய நாள் 2025 அக்டோபர் 14. அது ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த மாதத்தின் இரண்டாவது செவ்வாய். ஒவ்வொரு மாதமும் அந்த நாளில்தான் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடும். எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த ராத்திரி தூக்கம் குறைவு. அக்டோபர் 14-க்குப் பிறகு அந்த மாதாந்திர அப்டேட் சாதாரண விண்டோஸ் 10-க்கு வராது. நின்றது அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எப்போதும்போல ஆன் ஆகும், வேர்டு திறக்கும், பிரிண்டர் அடிக்கும்.

அப்படியானால் ஏன் கவலைப்பட வேண்டும்? ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. மழைக்கு முன்னால் ஆள் ஏறி உடைந்த ஓட்டை மாற்றுவார். மாற்றாவிட்டால் வீடு அன்றைக்கே விழுந்துவிடாது. முதல் வருஷம் ஒரு மூலையில் சொட்டும், அடுத்த வருஷம் உத்திரம் ஊறும். மென்பொருளும் அப்படித்தான். லட்சக்கணக்கான வரிகளில் எழுதிய நிரலில் ஓட்டைகள் இருந்துகொண்டே இருக்கும். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அடைப்பார்கள்.

இங்கே மழையைவிட மோசமான ஒன்று உண்டு. விண்டோஸ் 10-உம் 11-உம் உள்ளே பெரும்பாலும் ஒரே நிரல். ஒரே கொத்தனார் ஒரே பிளானில் கட்டிய இரண்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளை மாற்றுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் திருடனுக்கு, மாற்றாத அடுத்த வீட்டில் எந்தத் தாழ்ப்பாள் பழுது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 11-க்கு அப்டேட் வந்ததும், அதற்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். ஆகவே அப்டேட் நின்ற கம்ப்யூட்டருக்கு, புதியதற்கு வருகிற ஒவ்வொரு அப்டேட்டும் ஒரு காட்டிக்கொடுப்பு.

2017 மே 12-ஆம் தேதி உலகம் இதை நேரில் பார்த்தது. வான்னாக்ரை என்ற நிரல் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்டது. சுமார் 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறை ஒன்றில் இருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. இதில் நான் யாரிடமும் சொல்லாமல் விடாத விஷயம் ஒன்று: அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்திருந்தது. தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பு. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். விண்டோஸ் 7-க்கு அப்போது ஆதரவு இருந்தது. 2020 ஜனவரி வரைக்கும் இருந்தது. அதாவது அவை காலம் முடிந்த பெட்டிகள் இல்லை. அப்டேட் போடாத பெட்டிகள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சித்தியின் லேப்டாப்புக்கு வருவோம்.

திறந்து பார்த்தேன். கடைசியாக அப்டேட் ஏறிய தேதி 2022 மார்ச். அப்டேட் சர்வீஸ் முடக்கப்பட்டிருந்தது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள். சி டிரைவில் ஒரு ஃபோல்டரை மட்டும் எந்த ஆன்டிவைரஸும் தொடக்கூடாது என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். அதற்குள் விண்டோஸை லைசென்ஸ் இல்லாமல் ஓட வைக்கிற ஒரு சின்ன நிரல். 2022-இல் லேப்டாப் ஸ்லோ ஆகிவிட்டது என்று சித்தி ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு இதைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். "அப்டேட்ட ஆஃப் பண்ணியிருக்கு, இனி ஸ்லோ ஆகாது" என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள்.

இதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஏனென்றால் அந்த லேப்டாப் வாங்கும்போதே அசல் விண்டோஸ் 10 ஹோம் லைசென்ஸோடு வந்தது. இப்படி வரும் லேப்டாப்களில் லைசென்ஸ் எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஹோம் பதிப்பை மறுபடி போட்டால் எதுவும் கேட்காமல் அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த அசல் லைசென்ஸ் உள்ளே சும்மா கிடக்க, அதற்கு மேலே திருட்டு விண்டோஸ் புரோ ஏற்றி, அதற்காகக் காவலையும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். மூன்றரை வருஷம் சித்தி அந்தக் கம்ப்யூட்டரில்தான் பேங்க் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். உலகத்துக்கு விண்டோஸ் 10 முடிந்தது 2025 அக்டோபரில். சித்திக்கு அது 2022-இலேயே முடிந்துவிட்டது, யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நம் ஊரில் இப்படி எத்தனை வீட்டில் இருக்கும் என்று என்னிடம் கணக்கு இல்லை. என்னிடம் வருகிறவற்றில் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் முதலில் பார்க்க வேண்டியது அது விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்பதை அல்ல. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், அப்டேட் ஹிஸ்டரியில் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். விண்டோஸ் 11 இருந்தும் அந்தத் தேதி ஒரு வருஷம் பழையது என்றால், நீங்களும் சித்தியின் நிலையில்தான் இருக்கிறீர்கள்.

சரி, அப்டேட் போட்டால் ஸ்லோ ஆகிறதே என்பது பொய்யா? முழுப் பொய் இல்லை. சித்தியின் லேப்டாப்பில் இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுற்றும், அதன் மேல் ஒரு முள் இங்கும் அங்கும் ஓடிப் படிக்கும். விண்டோஸ் 10 பின்னணியில் ஒரே நேரத்தில் நூறு இடங்களில் எழுதும், படிக்கும். அந்த முள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்டேட் இறங்கும்போது இன்னும் மோசம். கர்சர் சுற்றும், நாம் டீ குடித்துவிட்டு வரலாம். ஸ்லோவுக்குக் காரணம் அந்தத் தட்டு. பழி மட்டும் அப்டேட் மேல். நாகர்கோவில் மணிமேடை பக்கம் ஒரு கடையில் 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாற்றினேன். அதில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. அசல் விண்டோஸ் 10 ஹோமின் கடைசிப் பதிப்பான 22எச்2-ஐப் போட்டேன். மதர்போர்டில் இருந்த லைசென்ஸ் தானாக ஏறியது. முன்பு ஆன் செய்து மூன்று நிமிஷம் காத்திருப்பார்கள். இப்போது சார்ஜரைச் செருகிவிட்டு நிமிர்வதற்குள் முகப்பு வந்துவிடுகிறது.

இனி, பணம் கொடுக்காமல் அப்டேட்டைத் தொடர ஒரு வழி உண்டு. இதைப் பற்றி நம் பக்கத்தில் பலருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருகிறது. இஎஸ்யூ என்று பெயர். 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், அல்லது கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் இலவசம். இலவசத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று கவனியுங்கள். செட்டிங்ஸ் மட்டும் போனால் போதும். போட்டோ ஃபோல்டரையும் சேர்த்து டிக் செய்துவிட்டால், ஒன்டிரைவின் 5 ஜிபி இலவச இடம் ஒரு கல்யாண ஆல்பத்திலேயே நிரம்பி, இடம் வாங்கு, இடம் வாங்கு என்று தினமும் கேட்கும். தாமதமாகச் சேர்ந்தாலும் முன்பு விட்டுப்போன அப்டேட்கள் வந்துவிடும்.

சித்திக்கு இதைத்தான் செய்து கொடுத்தேன். புது லேப்டாப் வாங்கவில்லை.

அப்புறம் எல்லோரும் கேட்பது: அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏன் ஏறாது? 2021 அக்டோபர் 5-ஆம் தேதி விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் சில நிபந்தனைகளை வைத்தது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. சிக்கல் இரண்டில். ஒன்று, டிபிஎம் 2.0. பூட்டுச் சாவிகளை மற்ற நிரல்கள் தொட முடியாதபடி தனியாக வைத்திருக்கிற ஒரு பெட்டகம் அது. தனிச் சிப்பாகவும் இருக்கும், பிராசஸரின் ஒரு பகுதியாகவும் இருக்கும். இரண்டாவது, பிராசஸர் பட்டியல். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து. ஏழாம் தலைமுறையில் மிகச் சில மட்டும்.

பெட்டகம் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று என் வேலை அனுபவத்தில் சொல்வேன். லேப்டாப் தொலைந்தால் உள்ளே இருப்பது அடுத்தவன் கையில் போகாமல் இருக்க அது உதவும். ஆனால் பட்டியலை என்னால் ஏற்க முடியவில்லை. சித்தியின் லேப்டாப்பில் இருப்பது 2018-இல் வெளிவந்த ஏழாம் தலைமுறை ஐ3 சிப். டிபிஎம் 2.0 அதில் இருக்கிறது, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் நானே பார்த்தேன். பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். வெளிவந்து மூன்றே வருஷமான சிப்பை ஒதுக்கியது தவறு. அதன் செலவு முழுவதும் வாங்கியவர் தலையில் விழுகிறது. நம் ஊரில் லேப்டாப் என்பது பிள்ளை காலேஜ் சேரும்போது நகையை வைத்து வாங்குகிற பொருள்.

இந்தத் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுக் கொடுப்பதாகச் சில கடைகளில் சொல்கிறார்கள். முடியும். ஆனால் அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, மிகப் பழைய சில பிராசஸர்களில் பூட் ஆகவே ஆகாது. வாடிக்கையாளரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லாமல் செய்வதுதான் வழக்கமாக இருக்கிறது.

புதிதாக வாங்குவதற்கு இது நல்ல நேரமும் இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியிலிருந்து ரேம் விலையும் எஸ்எஸ்டி விலையும் ஏறின. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்குகிற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. செய்தியில் எங்கோ அமெரிக்காவில் நடப்பதாகப் படிக்கிறோம். அதன் சூடு மணிமேடை கடையில் ரேம் விலை கேட்கும்போது தெரிகிறது.

இருக்கிறதைக் காப்பாற்றுவதில் நம் மாவட்டத்துக்கென்று சில தொல்லைகளும் உண்டு. குளச்சலில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு நண்பரின் லேப்டாப் ஒருநாள் உயிரே இல்லாமல் வந்தது. ஆன் செய்தால் விளக்கு எரியும், திரை கறுப்பு. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரேமின் பொன்னிறக் கால்களில் பச்சையாகக் களிம்பு, உப்புக் காற்றின் வேலை. ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அந்தக் கால்களை மெல்லத் தேய்த்தேன். துகளைத் துடைத்துவிட்டு மாட்டியதும் திரை வந்தது. மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தார்களாம். அதே போலத்தான் ஐப்பசி சாயங்கால இடி. பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, மோடத்துக்கு வருகிற தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

2026 அக்டோபருக்குப் பிறகு என்ன? அப்போது லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். வேலை பிரவுசர், வீடியோ கால், கடிதம் என்ற அளவில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்வதும் அதில் நன்றாக வேலை செய்கிறது. இது நமக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் டேலி வைத்துக் கணக்கு எழுதுபவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வேலை பார்ப்பவர்கள், கைரேகைக் கருவி வைத்திருக்கும் சேவை மையங்கள், இவர்களிடம் நான் லினக்ஸ் என்று சொல்வதில்லை. அவர்கள் விண்டோஸ் 11 ஏறும் கம்ப்யூட்டருக்குக் காசு சேர்ப்பதுதான் சரி.

இவர்களைவிடச் சிக்கலானவர்கள், அச்சுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் டிடிபி கடைக்காரர்கள். தக்கலையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்டு எல்லாம் அடிக்கிறார். அவருடைய மெயின் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் விண்டோஸ் எக்ஸ்பி, அதில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரல் 8-இல். "தம்பி, இது செத்தா எனக்க கடையும் செத்தது" என்று சொல்வார்.

அது பிடிவாதம் இல்லை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துப் படத்தை வைத்துச் செய்தவை. கண்ணுக்கு 'அம்மன் கொடை விழா' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் போய்விடும். யூனிகோடில் அப்படி இல்லை, தமிழ் எழுத்துகளுக்கும் அவற்றோடு சேரும் குறிகளுக்கும் தமிழுக்கென்றே தனி எண்கள். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது, அதற்கு முன்பே அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அண்ணனிடம் 20 வருஷத்து நோட்டீஸ்கள் கோப்பாக இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் அதே ஊர், அதே கொடை. தேதியையும் கமிட்டி பெயர்களையும் மாற்றினால் வேலை முடிந்தது. புதிய மென்பொருளுக்குப் போனால் மாத வாடகை, அதற்கு மேல் இந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் மாற்றும் வேலை.

ஆகவே அவரிடம் நான் எக்ஸ்பியை எடுக்கச் சொல்லவில்லை. நெட்டிலிருந்து பிரிக்கச் சொன்னேன். லேன் கேபிள் மாட்டுகிற துளையில் அவரே டேப் ஒட்டிவிட்டார், கடைப் பையன் மறந்துபோய்ச் செருகிவிடக் கூடாது என்று. மீதி இருப்பது பென் டிரைவ். 2008-இல் வந்த கான்ஃபிக்கர் வைரஸ் பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடுகிற வசதியையும் பயன்படுத்திப் பரவியது. அந்த வசதியை எக்ஸ்பியில் அணைத்து வைத்தோம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் முதலில் அப்டேட் உள்ள இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே ஸ்கேன் செய்து, கடையின் சொந்தப் பென் டிரைவில் தேவையான கோப்பை மட்டும் எடுத்துத்தான் எக்ஸ்பிக்குக் கொண்டுபோவார்கள்.

அதோடு, இனி வருகிற புது வேலைகளை மட்டும் யூனிகோடில் அடித்துப் பழகுவது என்று பேசி வைத்திருக்கிறோம். முதல் முயற்சியாக ஒரு பழைய கொடை நோட்டீஸின் வாசகத்தை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தோம். கமிட்டிப் பெயர்கள் எல்லாம் சரியாக வந்தன. தலைப்பில் இருந்த 'ஸ்ரீ' மட்டும் உடைந்து வந்தது. யூனிகோடில் அந்த ஒரு எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம், பழைய முறையில் 'ஸ' வைத்தும், பிறகு சேர்த்த 'ஶ' வைத்தும். எழுத்துரு மாற்றி இதில் ஒரு விதத்தைக் கொடுக்கிறது, கடையில் இருக்கிற எழுத்துரு மற்றதைத்தான் எதிர்பார்க்கிறது. அம்மன் பெயருக்கு முன்னால் வருகிற எழுத்து உடையக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அதை உட்கார்ந்து சரிசெய்யத் தக்கலைக்குப் போகிறேன்.